ஆசிரியர் மதிப்பீடும் கலைத்திட்ட மாற்றமும்: கல்விப் பொருளியல் ஆய்வுகள் குறித்து ஒரு தமிழ்ப்பள்ளி நோக்கு

முன்னுரை

பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றங்கரையில் அமைந்துள்ள நிபோங் திபால் வட்டாரம் மலேசியத் தமிழ்க்கல்வி வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் இரப்பர்த் தோட்டங்களுக்கும், அதன்பின் செம்பனைத் தோட்டங்களுக்கும் உழைத்த தமிழரின் பிள்ளைகளுக்காக எழுந்த பள்ளிகள் இவ்வட்டாரத்தில் இன்றும் தொடர்கின்றன. பைராம், டிரான்ஸ்கிரியான், சங்காட், ஜாவி, வால்டோர் ஆகிய தோட்டப் பெயர்களை அப்பள்ளிகளின் பெயர்கள் இன்னும் சுமந்து நிற்கின்றன. 2001ஆம் ஆண்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இதே வட்டாரத்தில் நிலைகொண்டது. 2014இல் பினாங்கின் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டது. பத்து காவான் தொழிற்பேட்டையும் விரிந்தது. தோட்டப்பள்ளியும் பொறியியல் வளாகமும் மின்னணுத் தொழிற்சாலையும் சில கல் தொலைவுக்குள் அமைந்துவிட்டன. எனினும், தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 1இல் சேரும் ஒரு பிள்ளை அவ்வளாகத்திற்குள் மாணவராக நுழையக் கடக்க வேண்டிய தொலைவு அவ்வளவு குறுகியதன்று.

அத்தொலைவைக் குறைப்பதில் ஆசிரியரின் பங்கு எவ்வளவு? கலைத்திட்டத்தின் பங்கு எவ்வளவு? இவ்வினாக்களுக்கு எண்களால் விடை கூற முற்பட்டவர்கள் பொருளியலார். கடந்த அரை நூற்றாண்டில் கல்விப் பொருளியல் ஒரு பெருந்துறையாக வளர்ந்துள்ளது. அரசுகளும் உலக வங்கி போன்ற அமைப்புகளும் அத்துறையின் முடிவுகளைச் சான்றாகக் கொண்டே கொள்கை வகுக்கின்றன. தமிழ்ப்பள்ளிகளைப் பற்றிய நம் ஆய்வுகளோ பெரும்பாலும் வரலாறு, மொழியியல், கற்பித்தல் முறை ஆகிய எல்லைகளுக்குள்ளேயே நிற்கின்றன. இவ்விரு துறைகளும் ஒன்றையொன்று அறியாதிருப்பது இரண்டுக்குமே இழப்பாகும். ஆசிரியர், கலைத்திட்டம் ஆகியவை மாணவர்மீது ஏற்படுத்தும் விளைவைப் பற்றிய முதன்மையான பொருளியல் ஆய்வுகள் சிலவற்றைத் தமிழ்ப்பள்ளியின் நிலையிலிருந்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வாய்வுகளை ஒதுக்கித் தள்ளுவதோ அப்படியே ஏற்றுக்கொள்வதோ இதன் கருத்தன்று.

ஆசிரியரை அளந்த முறை

1966ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் வெளிவந்த அறிக்கை ஏறத்தாழ 6 இலட்சம் மாணவர்களைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்தது. பள்ளிகளின் வளங்களைவிடக் குடும்பப் பின்னணியே மாணவர் அடைவை மிகுதியாக விளக்குகிறது என்பது அதன் முடிவு. பள்ளியால் பெரிதாக எதுவும் செய்துவிட இயலாது என்று பலர் அதற்குப் பொருள் கொண்டனர். எரிக் ஹனுஷெக் 1971இல் வெளியிட்ட ஆய்வு தொடங்கி இக்கருத்து மறுபரிசீலனைக்கு உள்ளாயிற்று. மாணவர் ஆண்டின் இறுதியில் பெற்ற புள்ளியை மட்டும் நோக்காமல், ஆண்டின் தொடக்கத்தில் அவர் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு முன்னேறினார் என்பதைக் கணக்கிட்டு, அம்முன்னேற்றத்தில் ஆசிரியருக்குரிய பங்கைப் பிரித்தெடுப்பதே இம்முறையாகும். இதனை மதிப்புக்கூட்டல் அளவை எனலாம்.

ரிவ்கின், ஹனுஷெக், கெயின் ஆகிய மூவரும் டெக்சஸ் மாநிலத் தரவுகளைக் கொண்டு 2005இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடிப்படைக் கருத்தை நிலைநாட்டியது. ஆசிரியருக்கு ஆசிரியர் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. ஆயினும் அவ்வேறுபாட்டை அவர்தம் முதுகலைப் பட்டமோ, முதற்சில ஆண்டுகளுக்குப் பிந்திய பணி அனுபவமோ விளக்குவதில்லை. பட்டத்தையும் பணிமூப்பையும் அளவுகோலாகக் கொண்டு இயங்கும் எந்தக் கல்வி நிருவாகமும் சிந்திக்க வேண்டிய முடிவு இது.

ராஜ் செட்டி, ஜான் ஃபிரீட்மன், ஜோனா ராக்காஃப் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒருபடி மேலே சென்றது. 25 இலட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகளின் பள்ளிப் பதிவுகளை அவர்கள் வளர்ந்தபின் செலுத்திய வருமான வரிப் பதிவுகளோடு இணைத்து நோக்கியது அவ்வாய்வு. ஓராண்டு காலம் மட்டும் ஒரு திட்ட விலக்க அளவு சிறந்த ஆசிரியரிடம் பயின்றவர், 28ஆம் வயதில் ஏறத்தாழ 1.3 விழுக்காடு கூடுதலாக வருமானம் ஈட்டினார். நல்லாசிரியரால் விளைந்த தேர்வுப் புள்ளி உயர்வு சில ஆண்டுகளில் தேய்ந்து மறைந்தாலும், வாழ்க்கையில் அதன் பயன் பின்னர் மீண்டும் தலைகாட்டுகிறது என்பதே இவ்வாய்வில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி. ஆண்டு 6 தேர்வில் எத்தனை ‘ஏ’ என்பதையே ஆசிரியரின் வெற்றியாகக் கணக்கிட்டுப் பழகிய நமக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

இம்முறைக்கு எதிர்ப்பும் எழாமலில்லை. ஜெஸ்ஸி ராத்ஸ்டைன் 2010இல் எளிய, ஆனால் கூரிய சோதனை ஒன்றைச் செய்தார். ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் நான்காம் வகுப்பு முன்னேற்றத்தைப் பாதித்திருக்க இயலாது. ஆனால் மதிப்புக்கூட்டல் கணக்கு அவ்வாறு பாதித்ததாகவே காட்டியது. மாணவர்கள் வகுப்புகளுக்குத் தற்செயலாகப் பிரிக்கப்படுவதில்லை என்பதே இதன் பொருள். அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2014இல் வெளியிட்ட அறிக்கையும், தேர்வுப் புள்ளிகளில் காணப்படும் வேறுபாட்டில் ஆசிரியருக்குரிய பங்கு 1 முதல் 14 விழுக்காடு வரை என்றே பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாகக் கூறி எச்சரித்தது. கிராபோ ஜாக்சன் 2018இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு குறையைச் சுட்டியது. மாணவரின் வருகை, நடத்தை, விடாமுயற்சி போன்றவற்றை மேம்படுத்தும் ஆசிரியர்களைத் தேர்வுப் புள்ளி அடையாளம் காட்டுவதில்லை. பள்ளிப்படிப்பை நிறைவு செய்வதை முன்னறிவதில் அவ்வாற்றலே தேர்வுப் புள்ளி விளைவைவிட மேலானதாக நின்றது.

சிறிய வகுப்பில் அளவையின் எல்லை

மேற்கண்ட விவாதம் முழுவதும் பெரிய பள்ளிகளையும் பல்லாயிரக்கணக்கான வகுப்புகளையும் முன்வைத்து நடந்தது. தமிழ்ப்பள்ளிகளில் பல 150 மாணவர்க்குக் குறைவான பள்ளிகள் என்னும் வகையைச் சார்ந்தவை. ஒரே அறையில் இரண்டு ஆண்டுகளின் மாணவரை இணைத்துக் கற்பிக்கும் வகுப்புகளும் தோட்டப்புறங்களுக்குப் புதியனவல்ல. இத்தகைய வகுப்பில் மதிப்புக்கூட்டல் அளவை என்னவாகும் என்பதைச் சிறு கணக்கொன்றால் காண்போம்.

மாணவரின் முந்திய அடைவைக் கழித்தபின் எஞ்சும் வேறுபாடு 0.6 திட்ட விலக்கம் எனக் கொள்வோம். ஆசிரியருக்கு ஆசிரியர் உள்ள உண்மையான வேறுபாடு 0.15 திட்ட விலக்கம் எனவும் கொள்வோம். பல ஆய்வுகளில் இது 0.1 முதல் 0.2 வரையில் அமைகிறது. 30 மாணவர் உள்ள வகுப்பின் சராசரியில் தற்செயலால் நேரும் பிழை ஏறத்தாழ 0.11 ஆகும். 10 மாணவர் உள்ள வகுப்பில் அது 0.19 ஆக உயர்கிறது. அளக்கப்படும் பொருளைவிட அளவுகோலின் நடுக்கம் பெரிதாகிவிடுகிறது. பிழையை ஆசிரியர் வேறுபாட்டின் பாதியளவுக்குக் குறைக்க வேண்டுமாயின் 64 மாணவர்கள் வேண்டும். பத்துப் பேர் பயிலும் வகுப்பில் அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு மேலாகும். அதற்குள் அவ்வாசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றப்பட்டிருக்கலாம், தலைமையாசிரியராகவும் ஆகியிருக்கலாம்.

இக்கணக்கு இரு உண்மைகளை உணர்த்துகிறது. ஒன்று, சிறிய தமிழ்ப்பள்ளியின் ஆசிரியரை ஓராண்டுத் தேர்வு முடிவைக் கொண்டு புகழ்வதும் பழிப்பதும் புள்ளியியல் நோக்கில் அடிப்படையற்றது. எட்டு மாணவருள் இருவர் ஓராண்டில் சிறந்து விளங்கினால் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு 25 புள்ளி ஏறும். மறு ஆண்டில் அதே அளவு இறங்கும். நாளிதழ்களில் ஆண்டுதோறும் நாம் படித்துவந்த ‘வரலாறு காணாத தேர்ச்சி’ப் பட்டியல்கள் பலவற்றுக்கு இதுவே விளக்கம். இரண்டு, பொருளியல் முறையே இங்குப் பயன்படாது என்பது இதன் முடிவன்று. தனிப்பட்ட ஆசிரியரை அளக்க இயலாத இடத்திலும் பல பள்ளிகளை ஒருங்கிணைத்து ஒரு கற்பித்தல் முறையையோ பாடநூலையோ பயிற்சித் திட்டத்தையோ அளக்க இயலும். பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளையும் சேர்த்து நோக்கினால் அதற்குப் போதிய எண்ணிக்கை கிட்டும்.

கலைத்திட்டமும் பயிற்றுமொழியும்

ஆசிரியரைப் பற்றிய ஆய்வுகளோடு ஒப்பிடுகையில் கலைத்திட்டத்தைப் பற்றிய பொருளியல் ஆய்வுகள் குறைவு. எனினும் அவற்றுள் சில நம் நிலைக்கு மிக நெருக்கமானவை.

கிளெவ், கிரெமர், மூலின் ஆகியோர் கென்யாவில் மேற்கொண்ட சோதனை 2009இல் வெளியாயிற்று. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட கிராமப்புறப் பள்ளிகளுக்குப் பாடநூல்கள் வழங்கப்பட்டன. சராசரி மாணவரின் அடைவில் மாற்றமில்லை. ஏற்கெனவே முன்னணியில் நின்ற மாணவரே பயனடைந்தனர். காரணம் வெளிப்படையானது. பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. ஆங்கிலமோ அம்மாணவருள் பலருக்கு மூன்றாம் மொழி. லாண்ட் பிரிட்செட், அமாண்டா பீட்டி ஆகியோர் முன்வைத்த கருத்தும் இதனோடு இயைந்தது. பாடத்திட்டம் மாணவரின் கற்றல் வேகத்தைவிட விரைந்து ஓடினால், தொடக்கத்தில் பின்தங்கும் பிள்ளை பின்னர் எத்தனை ஆண்டுகள் வகுப்பில் அமர்ந்திருந்தாலும் எதுவும் கற்பதில்லை என்று அவர்கள் காட்டினர்.

பயிற்றுமொழி குறித்த சான்றுகள் ஒருமுகமானவை அல்ல என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்கத் தரவுகளைக் கொண்டு டெய்லர், வான் ஃபின்டல் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, முதல் மூன்று ஆண்டுகள் தாய்மொழியில் பயின்ற மாணவர் பிற்பாடு ஆங்கிலத்திலும் சிறந்து விளங்கினர் எனக் காட்டியது. பியூர்த்தோ ரீக்கோவில் பயிற்றுமொழி ஆங்கிலத்திலிருந்து ஸ்பானியத்துக்கு மாறியதால் மக்களின் ஆங்கிலத் திறன் குறையவில்லை என ஆங்ரிஸ்ட், சின், கொடாய் ஆகியோர் 2008இல் கண்டனர். தருண் ஜெயின் 2017இல் வெளியிட்ட ஆய்வோ இந்தியாவின் மாநிலச் சீரமைப்பை நோக்கியது. குடியேற்ற ஆட்சிக்கால மாகாணங்களில் தம் மொழி பெரும்பான்மை மொழியாக அமையாத மாவட்டங்கள் கல்வியில் பின்தங்கியிருந்தன; 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபின் அவ்விடைவெளி குறைந்தது.

மறுபுறம், மொராக்கோவில் பயிற்றுமொழி பிரெஞ்சிலிருந்து அரபு மொழிக்கு மாறியபின் கல்வியால் கிட்டும் ஊதியப் பயன் குறைந்தது என ஆங்ரிஸ்ட், லாவி ஆகியோர் 1997இல் காட்டினர். இந்தியாவில் ஆங்கிலம் சரளமாகப் பேசும் ஆண்கள் பேசாதவரைவிட ஏறத்தாழ 34 விழுக்காடு கூடுதலாக மணிக்கூலி பெற்றனர் என ஆசாம், சின், பிரகாஷ் ஆகியோர் 2013இல் கணக்கிட்டனர். தம் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும் எனக் கேட்கும் பெற்றோரை மொழிப்பற்று இல்லாதவர் என்று ஏசுவது எளிது. அவர்தம் கணக்குக்குத் தொழிற்சந்தையில் அடிப்படை உண்டு என்பதை இவ்வாய்வுகள் உணர்த்துகின்றன. எனவே வினாவை ‘ஆங்கிலமா தமிழா’ என அமைப்பது பிழை. எந்த வயதில், எந்தப் பாடத்தில், எத்தகைய ஆசிரியரைக் கொண்டு என்பதே ஆய்வுக்குரிய வினாவாகும்.

2003 முதல் 2012 வரை: அளக்கப்படாத ஒரு சோதனை

இவ்வினாவுக்கு விடையளிக்கக்கூடிய பெருஞ்சோதனை ஒன்று நம் பள்ளிகளிலேயே நடந்து முடிந்தது. கணிதம், அறிவியல் பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்கும் பிபிஎஸ்எம்ஐ திட்டம் 2003 சனவரியில் ஆண்டு 1, படிவம் 1, ஆறாம் படிவத்தின் கீழ்ப்பிரிவு ஆகியவற்றில் ஒருசேரத் தொடங்கியது. சீனப்பள்ளிகள் மாண்டரினிலும் ஆங்கிலத்திலுமாக இருமொழியில் கற்பிக்கும் ஏற்பாட்டைப் பெற்றன. தமிழ்ப்பள்ளிகளோ முழுமையாக ஆங்கிலத்துக்கு மாறின. மடிக்கணினிகளும் ஒளிபடக்காட்டிகளும் வந்திறங்கின. ஆசிரியர்க்கு ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. பாடம் ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழில் விளக்கப்பட்டு, மீண்டும் ஆங்கிலச் சொற்களில் முடிந்த வகுப்புகளை அக்காலத்தில் கற்பித்தோர் நன்கு அறிவர். 2008இல் முதல் அணி யுபிஎஸ்ஆர் தேர்வை எழுதியது. 2009 சூலை 8ஆம் நாள் திட்டத்தைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. 2012ஐ இலக்காகக் கொண்டு படிப்படியாகப் பழைய பயிற்றுமொழிகள் மீண்டன.

இத்திட்டத்தைப் பற்றிய விவாதத்தில் அடிக்கடி எடுத்தாளப்பட்ட சான்று, படிவம் 2 மாணவர் எழுதும் அனைத்துலக டிம்ஸ் தேர்வின் முடிவாகும். மலேசியாவின் கணிதப் புள்ளி 2003இல் 508, 2007இல் 474, 2011இல் 440. அறிவியலில் அதே ஆண்டுகளில் 510, 471, 426. 2003இல் தேர்வெழுதியவர் முந்திய ஆண்டே படிவம் 1 முடித்தவராதலால் திட்டத்தால் தீண்டப்படாதவர். 2011இல் எழுதியவர் 2004இல் ஆண்டு 1இல் நுழைந்தவர். எட்டு ஆண்டுகளும் ஆங்கிலத்தில் பயின்றவர். 2015இல் புள்ளி 465, 471 என உயர்ந்தது. இவ்வளவோடு நிறுத்தினால் வழக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும்.

நிறுத்தலாகாது. கணிதப் புள்ளி 1999இலிருந்து 2003க்குள்ளாகவே 519இலிருந்து 508ஆகக் குறைந்திருந்தது. 2007இல் எழுதியவர் தொடக்கப்பள்ளியில் இத்திட்டத்தின்கீழ்ப் பயிலாதவர். படிவம் 1இலிருந்து இரண்டு ஆண்டுகள் மட்டுமே ஆங்கிலத்தில் கற்றவர். அவர்தம் கணிதப் புள்ளி 34 குறைந்ததை எட்டாண்டுத் திட்டத்தின் விளைவாகக் கொள்ள இயலாது. திட்டம் மறைந்து பல்லாண்டுகள் கழிந்தபின், பெருந்தொற்றுக் காலத்தைத் தாண்டி வந்த 2023ஆம் ஆண்டு அணி கணிதத்தில் 411, அறிவியலில் 426 புள்ளிகளே பெற்றது. ஆகவே, வீழ்ச்சி முழுவதையும் பயிற்றுமொழியின் தலையில் சுமத்துவது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. அதைவிட முக்கியமானது, இவை நாட்டின் சராசரி எண்கள் என்பதாகும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த மாணவர்க்கு என்ன நேர்ந்தது என்பதை இவை கூறா.

ஒரு பொருளியலார் இதனை எவ்வாறு அணுகியிருப்பார்? 2002இல் ஆண்டு 1இல் சேர்ந்த அணியையும் 2003இல் சேர்ந்த அணியையும் ஒப்பிட்டிருப்பார். முழு ஆங்கிலத்துக்கு மாறிய தமிழ்ப்பள்ளியையும் இருமொழியில் நின்ற சீனப்பள்ளியையும் ஒப்பிட்டு, மாற்றத்தின் மாற்றத்தைக் கணித்திருப்பார். அம்மாணவர் எஸ்பிஎம் தேர்வில் அறிவியல் பிரிவைத் தேர்ந்தனரா, பொறியியல் பயின்றனரா, இன்று என்ன தொழில் புரிகின்றனர் என்பதைத் தொடர்ந்திருப்பார். 2003இல் ஏழு வயதினராயிருந்தோர் இப்போது முப்பதை எட்டிய தொழிலாளர். விடை அவர்தம் வாழ்க்கையில் எழுதப்பட்டுள்ளது.

நாமோ ஆதரவாளர், எதிர்ப்பாளர் என இரு அணியாகப் பிரிந்து தீர்மானங்கள் நிறைவேற்றினோம். பின்னர் இருமொழிப் பாடத்திட்டம் 2016இல் வெள்ளோட்டமாகத் தொடங்கித் தமிழ்ப்பள்ளிகளை எட்டியபோதும் அதே அணிகள், அதே வாதங்கள், அதே கடுஞ்சொற்கள். முதற்சோதனையிலிருந்து ஒரு புதிய எண்ணைக்கூட இரண்டாம் விவாதத்துக்கு நாம் கொண்டுவரவில்லை என்பதே தமிழ்க்கல்வி ஆய்வாளர் என்ற முறையில் நாம் ஒப்புக்கொள்ள வேண்டிய குறை.

ஊக்கத்தொகையைப் பற்றியும் ஒரு சொல். கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் ஆகியோர் ஆந்திரப் பிரதேசத்தில் நடத்திய சோதனையில், மாணவரின் முன்னேற்றத்தோடு பிணைத்து ஆசிரியர்க்கு வழங்கிய ஊக்கத்தொகை இரண்டு ஆண்டுகளில் கணிதத்தை 0.27 திட்ட விலக்கமும் மொழிப்பாடத்தை 0.17 திட்ட விலக்கமும் உயர்த்தியது. நம் அண்டை நாடான இந்தோனேசியாவில் சான்றிதழ் பெற்ற ஆசிரியரின் அடிப்படை ஊதியம் இருமடங்காக்கப்பட்டது. மாணவர் கற்றலில் எவ்வித முன்னேற்றமும் இல்லை என 2018இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஊதிய உயர்வு தேவையற்றது என்பதன்று இதன் பொருள். ஊதியத்தைக் கற்றலுக்கான கருவியாக எண்ணுவது வேறு, உழைப்புக்குரிய நீதியாக எண்ணுவது வேறு. பிபிஎஸ்எம்ஐ ஊக்கத்தொகை மாணவரின் கற்றலோடு பிணைக்கப்படவில்லை. ஆங்கிலத்தில் கற்பிப்பதற்காகவே அது வழங்கப்பட்டது.

எது பயன் எனக் கணக்கிடப்படுகிறது?

மேற்கண்ட ஆய்வுகளின் மீதான நம் தலையாய விமர்சனம் அவை கணக்கிடும் பயனைப் பற்றியது. இரு சிக்கல்கள் இங்கு உள.

முதலாவது, அளவுகோலின் மொழி. அமெரிக்க மாணவர் நான்காம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் ஒரே மொழியில் தேர்வெழுதுகிறார். தமிழ்ப்பள்ளி மாணவர் ஆண்டு 6 வரை தமிழிலும் படிவம் 1 முதல் மலாயிலும் பயில்கிறார். சிலர் இடையில் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழிக்கின்றனர். தமிழில் பின்னத்தை நன்கு கற்ற பிள்ளை மலாய் மொழி வினாத்தாளில் தடுமாறினால், மதிப்புக்கூட்டல் கணக்கு அதனைக் கணிதச் சரிவாகவே பதிவு செய்யும்; பழி தொடக்கப்பள்ளி ஆசிரியரைச் சாரும். இத்தகைய இடமாறுதலைக் கடக்கும் சிறுபான்மை மொழித் தொடக்கப்பள்ளி, நாம் மேலே கண்ட ஆசிரியர் மதிப்பீட்டு ஆய்வுகள் எதற்கும் மையப் பொருளாக அமையவில்லை. அவற்றின் முறையை இங்குப் பயன்படுத்துவோர் முதலில் இம்மொழித்தடையைத் தனியே அளந்தாக வேண்டும்.

இரண்டாவது, தமிழ்ப்பாடத்தின் இடம். கணிதமும் ஆட்சிமொழி வாசிப்புமே பொருளியலார் பெரும்பாலும் அளப்பவை. ஊதியமே அவர் காணும் இறுதிப் பயன். தமிழாசிரியர் ஒருவர் தம் மாணவரிடம் வளர்க்கும் தமிழ் வாசிப்புப் பழக்கம் ஊதியத்தில் வெளிப்படாது போகலாம். ஆயினும் பெற்றோர் தமிழ்ப்பள்ளியைத் தேர்ந்தெடுப்பதற்கு அதுவே பல இடங்களில் காரணம். ஊதியத்தில் தெரியாதது பயனற்றது என முடிவு செய்யும் கணக்கு, பெற்றோரின் விருப்பத்தையே கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. விருப்பத்தை மதிப்பின் ஊற்றாகக் கருதும் பொருளியலுக்கே அது முரணாகும்.

அதே வேளையில், பொருளியலார் வலியுறுத்தும் ஊக்குவிப்பின் ஆற்றலைத் தமிழ்ப்பாடமே மெய்ப்பித்தும் காட்டியது. எஸ்பிஎம் தேர்வில் பாடங்களின் எண்ணிக்கையைப் பத்தாக வரையறுக்கும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் கைவிடப்படும் என்ற அச்சம் சமூகம் முழுவதும் பரவியது. எதிர்ப்புக்குப்பின் கூடுதலாக இரு பாடங்கள் எடுக்க இசைவு கிட்டியது. மாணவரின் தமிழ்ப்பற்று ஓர் ஆணையால் கூடவோ குறையவோ இல்லை. மாறியது அப்பாடத்தை எடுப்பதற்குரிய விலை மட்டுமே. கலைத்திட்டம் என்பது பாடநூலில் உள்ளது மட்டுமன்று. எப்பாடம் எண்ணிக்கையில் சேரும் என்னும் விதியும் அதன் பகுதியே. இவ்வுண்மையைக் கற்பித்தல் முறை ஆய்வுகளைவிடப் பொருளியல் தெளிவாக விளக்குகிறது.

தமிழ்நாடு தரும் பாடம்

தமிழில் பயிலும் மாணவரை நேரடியாக அளந்த அண்மை ஆய்வுகள் தமிழ்நாட்டில் நடந்துள்ளன. 2009ஆம் ஆண்டுச் சுற்றின் பிசா தேர்வில் தமிழ்நாட்டு மாணவர் கணிதத்தில் 351, வாசிப்பில் 337, அறிவியலில் 348 புள்ளிகளே பெற்றனர். அதன்பின் வந்த ஆய்வுகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை.

கனிமியான், முரளிதரன், வால்டர்ஸ் ஆகியோர் 320 அங்கன்வாடி மையங்களில் நடத்திய சோதனையில், குலுக்கல் முறையில் தேர்ந்த மையங்களுக்கு அரைநேரப் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். கற்பித்தல் நேரம் இருமடங்காயிற்று. ஒன்றரை ஆண்டில் மையத்துப் பிள்ளைகளின் அடைவு கணிதத்தில் 0.29, மொழியில் 0.46 திட்ட விலக்கம் உயர்ந்தது. அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை ஆராய்ந்தனர். பெருந்தொற்றுக் காலப் பள்ளிமூடலால் 2021 டிசம்பரில் கணிதத்தில் 0.7 திட்ட விலக்க அளவுக்கு இழப்பு இருந்தது. பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை வகுப்புகளால் விளைந்தது.

இவ்விரு ஆய்வுகளிலும் பயன் தந்தது விலையுயர்ந்த கருவியன்று. பிள்ளையின் நிலையறிந்து, அவர்தம் மொழியில், கூடுதல் நேரம் உடனிருந்த ஒரு மனிதர். நிபோங் திபால் வட்டாரத்தில் கோயில் மண்டபங்களிலும் பள்ளிகளிலும் தன்னார்வலர் நடத்தும் மாலை வகுப்புகள் நமக்குப் புதியனவல்ல. அவற்றின் பயன் அளக்கப்பட்டதில்லை என்பதே வேறுபாடு.

முடிவுரை

கல்விப் பொருளியல் ஆய்வுகள் தமிழ்ப்பள்ளிக்கு மூன்று பயன்களைத் தருகின்றன. பட்டமும் பணிமூப்பும் நல்லாசிரியரை அடையாளம் காட்டா என்பதை அவை உணர்த்துகின்றன. கருவிகளும் நூல்களும் மாணவரின் மொழிக்கும் நிலைக்கும் ஒவ்வாதவிடத்துப் பயனற்றுப் போவதைக் காட்டுகின்றன. ஒரு மாற்றத்தின் விளைவை அறிய, அம்மாற்றம் நிகழாத ஒப்பீட்டுக் குழு தேவை என்னும் நெறியைக் கற்பிக்கின்றன. அவற்றின் குறைகளும் மூன்று: சிறிய வகுப்பை அவற்றின் ஆசிரியர் அளவை தாங்காது, பயிற்றுமொழி மாறும் இடத்தில் அது பிழைபடும், தாய்மொழிக் கல்வியின் பயனை ஊதியம் ஒன்றால் மட்டும் எடைபோடுவது குறையுடையது.

இக்குறைகளைப் பிறர் வந்து களையப் போவதில்லை. 2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வு நீக்கப்பட்டபின் எல்லாத் தமிழ்ப்பள்ளிகளுக்கும் பொதுவாயிருந்த நெடுநாள் அளவுகோல் மறைந்துவிட்டது. அத்தேர்வு பிள்ளைகளை வருத்தியது உண்மை. அதற்காக அளவுகோலே வேண்டா என்பது முடிவாகாது. உலக வங்கி 2024 ஏப்ரலில் வெளியிட்ட மலேசியப் பொருளாதார அறிக்கை, ஐந்தாம் ஆண்டை முடிக்கும் மாணவருள் 42 விழுக்காட்டினர் வாசிப்பில் போதிய திறன் அடையவில்லை எனச் சுட்டியது. அவருள் தமிழ்ப்பள்ளி மாணவர் எத்தனை பேர், அவர்தம் தடை தமிழிலா மலாயிலா என்ற வினாவை நாமே எழுப்பி நாமே விடை தேட வேண்டும்.

தென் செபராங் பிறையின் தமிழ்ப்பள்ளிகளில் இதனைத் தொடங்கலாம். ஆண்டு 3இலும் ஆண்டு 6இலும் தமிழ் வாசிப்பு, மலாய் வாசிப்பு, கணிதம் ஆகியவற்றில் ஒரு குறுஞ்சோதனை. கணித வினாக்கள் இருமொழியிலும் அமைதல். அதே மாணவரைப் படிவம் 3 வரை தொடர்தல். பள்ளிப்பெயரோ ஆசிரியர் பெயரோ தரவரிசையாக வெளியிடப்படாமை. இவ்வளவே வேண்டுவது. பயிற்சிக் கழகங்களும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இணைந்தால் பெருஞ்செலவின்றி இது கைகூடும். முதற்சோதனைக்கு அமரும் ஆண்டு 3 மாணவர் படிவம் 3 முடிக்க ஆறு ஆண்டுகளுக்கு மேலாகும். கலைத்திட்டத்தில் அடுத்த மாற்றம் வரும்போது நம் கையில் தீர்மானங்களோடு தரவுகளும் இருக்க வேண்டுமாயின், அந்த ஆண்டுகளை இப்போதே எண்ணத் தொடங்குதல் வேண்டும்.